கிரேன் ஸ்விட்சைத் தொடுமுன்: செக்கிங் கணக்கை எதில் எழுதுவது?

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகும் வழியில் ஒரு கிரானைட் பாலிஷ் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். அதற்கு முன் ஓசூர் சிப்காட்டில் 11 வருஷம். போன மாதம் முதலாளி கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, கிரேன் செக்கிங் எழுதற நோட்டை எல்லாம் எடுத்துட்டு போன்லயே பண்ணிடலாமா? ஓசூர்ல எல்லா கம்பெனியிலயும் க்யூஆர் கோடு ஒட்டிட்டாங்களாமே?"

பத்து நாள் டைம் கேட்டேன். நோட்டு, மெஷினில் தொங்கும் அட்டை, வாட்ஸ்அப் குரூப், க்யூஆர் ஃபார்ம், காசு கொடுத்து வாங்கும் ஆப் என்று ஐந்து வழியிலும் நான் கைப்பட வேலை செய்திருக்கிறேன். ஒவ்வொன்றும் எங்கே காப்பாற்றியது, எங்கே காலை வாரியது என்று யோசித்துப் பார்த்து அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பர்கூர், ஓசூர், தருமபுரிப் பக்கம் இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசர்கள் நிறைய பேர் உண்டு என்று எனக்குத் தெரியும்.

எங்களிடம் இருப்பது இவ்வளவுதான்: யார்டில் கல் பிளாக் இறக்க ஒரு கேன்ட்ரி (தரைத் தண்டவாளத்தில் ஓடும் கால் வைத்த கிரேன்), ஷெட்டுக்குள் அறுத்த ஸ்லாப் தூக்க 5 டன் ஈஓடி கிரேன் (தலைக்கு மேல் உத்தரத்தில் ஓடும் மின்சார கிரேன்) இரண்டு, கையால் சங்கிலி இழுத்துத் தூக்கும் செயின் பிளாக் மூன்று, ஃபோர்க்லிஃப்ட் ஒன்று. கல்லைச் சுற்றிக் கட்டித் தூக்கும் பெல்ட் ஸ்லிங், வயர் ரோப் ஸ்லிங், அவற்றை மாட்டும் டி ஷாக்கிள் எல்லாம் சேர்த்தால் ஒரு நாற்பது. சின்ன ஃபேக்டரிதான். ஆனால் தூக்குவது சின்ன எடை இல்லை. கிரானைட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.7 டன். இரண்டரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் உள்ள ஒரு பிளாக் 15 டன்னைத் தாண்டும்.

"வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து லோடு டெஸ்ட் பண்ணி சர்டிஃபிகேட் கொடுத்துட்டுப் போறாரே, தினமும் வேற எதுக்கு?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்த வருடாந்திரச் சோதனை, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு கொண்டுவந்தது: கிரேன், செயின், ரோப், தூக்கும் சாமான்கள் எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும், அதற்குப் பதிவேடு இருக்க வேண்டும் என்றது அது. லிஃப்டுக்கு 28-ஆம் பிரிவில் 6 மாதம் என்று இருந்தது. அந்த சர்டிஃபிகேட் சொல்வது, சோதித்த அன்று மெஷின் எப்படி இருந்தது என்பதை. மறுநாள் காலை ஹூக்கின் வாயை மூடும் லாட்சின் ஸ்பிரிங் உடைந்தால் சர்டிஃபிகேட்டுக்கு அது தெரியாது. அதைப் பார்க்கக்கூடிய ஆள், அன்றைக்கு அந்தப் பென்டன்டை (கிரேனை ஓட்டும் தொங்கு பட்டன் பெட்டியை) கையில் எடுக்கும் ஆபரேட்டர் ஒருவர்தான். அமெரிக்காவில் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்: ஃபோர்க்லிஃப்டை தினமும் பார்க்க வேண்டும், இரவு பகலாக ஓடினால் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் பார்க்க வேண்டும், ஸ்லிங்கை உபயோகிக்கும் ஒவ்வொரு நாளும், கிரேன் ஹூக்கை தினமும் கண்ணால், மாதம் ஒருமுறை எழுத்தில்.

தினசரி செக்கிங் என்று நான் சொல்வது ஐந்து நிமிஷ வேலை. எங்கள் கேன்ட்ரி ஆபரேட்டர் பர்கூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். காலையில் அவர் முதலில் பார்ப்பது ரயிலை. தண்டவாளத்தில் கல் கிடக்கிறதா, நிழலுக்காக யாராவது சக்கரத்தருகே உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடப்பார். கிரேன் போகும் தடத்தில் ஆள் வேலை செய்தால் 6 மீட்டருக்குள் கிரேன் நெருங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னதும் அதே 29-ஆம் பிரிவுதான். பிறகு ஹூக்கைத் தன் மார்பு உயரத்துக்கு இறக்குவார். விரலால் லாட்சை அழுத்தி விடுவார். அது டக்கென்று தானே திரும்பி மூட வேண்டும். ஹூக்கின் வாயை ஒரு தகட்டு அளவியால் தொட்டுப் பார்ப்பார், வாய் விரிந்திருந்தால் அளவி உள்ளே ஆடும். ரோப்பைக் கண்ணால் பார்ப்பார், கையுறை போட்ட கையால்கூடத் தடவ மாட்டார், அறுந்த கம்பி தோலைக் கிழிக்கும். காலி ஹூக்கை மேலே ஏற்றி, உச்சியில் தானே நிறுத்த வேண்டிய அப்பர் லிமிட் சுவிட்ச் கட் ஆகிறதா பார்ப்பார். எமர்ஜென்சி பட்டனை ஒருமுறை அடிப்பார். முதல் பிளாக்கை அரை அடி தூக்கி நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா, வழுக்குகிறதா என்று பத்து எண்ணும் வரை நிற்பார். அவ்வளவுதான். இதில் எங்கே எழுத்து வருகிறது என்பதுதான் கேள்வி.

ஓசூரில் நான் இருந்த ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. டை (அச்சு) மாற்றும்போது ஸ்லிங் ஹூக்கிலிருந்து நழுவி 400 கிலோ பிளேட் விழுந்தது. ஹெல்பர் பையனின் காலுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. லாட்ச் ஸ்பிரிங் உடைந்து, லாட்ச் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது பல நாளாக அப்படித்தான் இருந்தது என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். செக்கிங் நோட்டை எடுத்தேன். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே வேகத்தில் 1-ஆம் தேதியிலிருந்து டிக். சம்பவம் நடந்தது 17-ஆம் தேதி. டிக் 19 வரை இருந்தது.

அந்த நோட்டு தினமும் எனக்கு முன்னால் வந்தது. தினமும் நானும் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு எந்த முறையைப் பார்த்தாலும் நான் கேட்பது இரண்டே கேள்வி. மெஷின் பக்கத்தில் போகாமல் இதை நிரப்ப முடியுமா? ஆபரேட்டர் "சரியில்லை" என்று எழுதினால் அடுத்த பத்து நிமிஷத்தில் என்ன நடக்கும்? செலவு, ஆடிட், அழகு எல்லாம் அதற்கப்புறம்.

நோட்டிலிருந்து தொடங்குகிறேன். நோட்டுக்கு நெட்வொர்க் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், ஆபரேட்டரிடம் நல்ல போன் இருக்க வேண்டியதில்லை. கை எழுத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும். அந்த 17-ஆம் தேதி விஷயத்தை நான் கண்டுபிடித்ததே கையெழுத்தின் சாய்வை வைத்துத்தான். பில் புக் மாதிரி கார்பன் வைத்த இரட்டைத் தாள் நோட்டாக இருந்தால் இன்னும் நல்லது. காலையில் மேல் தாள் கிழிந்து ஆபீஸுக்கு வந்துவிடும், அடித்தாள் மெஷினிலேயே இருக்கும். தாள் 8:30-க்குள் மேஜைக்கு வரவில்லை என்றால் செக்கிங் நடக்கவில்லை என்று அர்த்தம். மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பும் வேலை அதோடு ஒழிந்தது. நோட்டின் பெரிய எதிரி எங்கள் தொழிலில் தண்ணீர். கட்டிங் ஷெட்டில் கல் மாவும் தண்ணீரும் கலந்த சேறு எல்லாவற்றிலும் படியும். ஈரக் கையால் தொட்ட தாள் காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்துப் போகும், எழுத்து போய்விடும். ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்குத் தகரப் பெட்டி செய்து தூணில் மாட்டினோம், பென்சிலைக் கயிற்றில் கட்டினோம். பால் பாயின்ட் பேனா மாவில் எழுதாது, பென்சில் எழுதும். ஆனால் பென்சிலை அழிக்கலாம் என்று ஆடிட்டர்கள் ஒத்துக்கொள்வதில்லை. கார்பன் தாளில் விழும் நகல் அழியாது என்பதால் அந்தச் சண்டையும் தீர்ந்தது.

அட்டை என்றால், மெஷினிலேயே தொங்கும் மாத அட்டை. 31 கட்டம், பக்கத்தில் படம். நோட்டைத் திறந்தவருக்குத்தான் தெரியும், அட்டை போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் தெரியும். காலை ஒன்பது மணிக்கு இன்றைய கட்டம் காலியாக இருந்தால் டீக்காரர்கூடக் கேட்பார். எங்கள் பக்கம் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே ஷெட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்களும் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் நிற்கிறார்கள். "பாதுகாப்புத் தாழ்ப்பாள் முறையாக இயங்குகிறதா" என்று தமிழில் அச்சடித்து என்ன பயன்? எங்கள் ஹூக்கையே போட்டோ எடுத்து, லாட்ச் மூடியிருப்பது ஒன்று, தொங்குவது ஒன்று, முன்னதில் பச்சை, பின்னதில் சிவப்பு. இதற்கு மொழி வேண்டாம். இன்டர்நெட்டிலிருந்து எடுத்த படத்தைவிட அவன் தினமும் பார்க்கும் அதே ஹூக்கின் படம் நூறு மடங்கு மேல்.

அட்டையில் ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். லேமினேட் செய்து மார்க்கரால் எழுதி மாதக் கடைசியில் துடைத்து மறுபடி உபயோகிப்பது. ஓசூரில் இரண்டு இடத்தில் பார்த்தேன். துடைத்தால் போனது போனதுதான், அது பதிவே இல்லை.

வாட்ஸ்அப். இன்றைக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் சின்ன யூனிட்டுகளில் உண்மையில் நடப்பது இதுதான். "செக்கிங்" என்று ஒரு குரூப், அதில் காலையில் ஹூக் போட்டோ, கீழே ஒரு கட்டைவிரல். இதைக் கேவலமாகப் பேச எனக்கு மனம் இல்லை. பழுது ஒன்றைக் காட்ட இதைவிட வேகமான வழி கிடையாது. "ரோப்ல கம்பி நாலு அறுந்திருக்குண்ணா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ், கூடவே கிட்டத்தில் எடுத்த போட்டோ வந்தால், நான் ராயக்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்தாலும் "நிறுத்து" என்று சொல்லிவிடலாம். எழுதத் தெரியாதவரும் பேசுவார். ஆனால் பதிவு என்ற கணக்கில் வாட்ஸ்அப் சாக்குப்பை. மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையின் ஹூக் போட்டோவைத் தேடிப் பாருங்கள். நடுவில் பிறந்தநாள் வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, லாரி நம்பர், லீவ் லெட்டர். ஆபரேட்டர் வேலையை விட்டுப் போனால் அவர் போனும் போகிறது. நேற்றைய போட்டோவை இன்று அனுப்பினாலும் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று, 40 பேர் பார்க்கும் குரூப்பில் "சரியில்லை" என்று போட சாதாரண ஆளுக்குத் தைரியம் வராது. முதலாளி அதே குரூப்பில் இருக்கிறார், லாரி வாசலில் நிற்கிறது. அவர் கட்டைவிரலைத்தான் போடுவார்.

முதலாளி கேட்ட க்யூஆர் கோடுக்கு வருகிறேன். மெஷினில் ஒட்டிய ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் கூகுள் ஃபார்ம் திறக்கும், நிரப்பி அனுப்பினால் ஷீட்டில் வரிசையாக விழும். தேதியும் நேரமும் தானாக ஏறும், நிரப்புகிறவர் பின்தேதி போட முடியாது. இது பெரிய பலம், என் 17-ஆம் தேதிக் கதை இதில் நடக்காது. மாதக் கடைசியில் எந்த மெஷினில் எந்தப் பழுது அடிக்கடி வருகிறது என்று இரண்டு நிமிஷத்தில் பார்க்கலாம். ஃபோர்க்லிஃப்ட் பதினைந்து இருபது ஓடும் இடத்தில், மூன்று ஷிஃப்டில், இதைத்தான் வைக்கச் சொல்வேன். நோட்டால் அந்த எண்ணிக்கையைச் சமாளிக்கவே முடியாது.

ஆனால் க்யூஆரும் ஏமாறும். ஸ்டிக்கரை ஒரு தடவை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கேன்டீனில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே ஸ்கேன் செய்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நேரம் சரியாக 6:02, எல்லாப் பதிலும் "ஆம்". அதற்கு நாங்கள் கண்டுபிடித்த மருந்து, மெஷினைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி. ஃபோர்க்லிஃப்ட் என்றால், வண்டி ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் ரீடிங். நேற்று 4,812 என்றால் இன்று 4,819 என்று வர வேண்டும்; வண்டியில் ஏறி உட்கார்ந்தால்தான் அந்த எண் தெரியும். கிரேனுக்கு, இன்று எந்த நம்பர் ஸ்லிங் போட்டிருக்கிறீர்கள் என்பது. இந்த ஒரு கேள்வியைச் சேர்த்த முதல் வாரத்திலேயே, செய்கிறவர் யார், செய்யாதவர் யார் என்று பிரிந்துவிட்டது. நோட்டு வைத்திருப்பவர்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், இதற்குப் போன் தேவையில்லை.

எங்கள் யார்டுக்கு க்யூஆர் வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் வேறு. தகர ஷெட்டுக்குள் சிக்னல் வராது. கையுறையைக் கழற்றி, மாவு படிந்த விரலால் திரையைத் தொட்டால் போன் வேலை செய்யாது. எங்கள் கேன்ட்ரி அண்ணாவிடம் இருப்பது பட்டன் போன். ஷெட்டுக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்று நாங்களே போர்டு வைத்திருக்கிறோம். அதை வைத்துக்கொண்டு செக்கிங்குக்கு மட்டும் போனை எடு என்று சொன்னால் அந்தப் போர்டுக்கு என்ன மதிப்பு? தலைக்கு மேல் 15 டன் போகும் இடத்தில் கண் திரையில் இருக்கக் கூடாது.

காசு கொடுத்து வாங்கும் ஆப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. சில ஃபோர்க்லிஃப்டில் செக் லிஸ்ட் முடிக்காமல் வண்டியே ஸ்டார்ட் ஆகாதபடி பூட்டும் வசதி உண்டு, அதைப் பார்த்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. பெரிய ஆட்டோ கம்பெனிக்குச் சரி. ஏழெட்டு மெஷின் வைத்திருப்பவர் அந்தக் காசில் புது ஸ்லிங் வாங்கலாம்.

ஸ்லிங் என்றதும் ஒன்று. பெல்ட் ஸ்லிங்கையும் ஷாக்கிளையும் தினசரி நோட்டில் ஒவ்வொன்றாக ஏற்ற முயலாதீர்கள். நாற்பது சாமானுக்கு நாற்பது வரி என்றால் இரண்டாம் நாளே டிக் மழைதான். ஒவ்வொன்றுக்கும் நம்பர் பொறித்து ஒரே பதிவேட்டில் ஏற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, தேறியதற்கு அந்தக் காலாண்டின் நிறத்தில் ஒரு டேக் கட்டிவிட வேண்டும். ஸ்டாண்டில் இந்தக் காலாண்டு நிறம் இல்லாத ஸ்லிங் தொங்கினால் எடுக்கக் கூடாது, ஹெல்பருக்கு இதைச் சொன்னால் போதும். டேக்கைக் கட்ட வேண்டும், பெல்டில் பெயின்ட் அடிக்கவே கூடாது. பாலியெஸ்டர் பெல்டின் நிறமே அதன் எடையைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. அதன் மேல் நீங்கள் வேறு நிறம் பூசினால் 2 டன் பெல்டை 5 டன் என்று எடுத்துவிடுவார்கள். எடுக்கும்போது கண்ணால் பார்ப்பது எப்படியும் உண்டு. கிரானைட்டின் அறுத்த விளிம்பு கத்தி மாதிரி, ஒரு தடவை கார்னர் பேட் வைக்க மறந்தாலே பெல்டில் வெட்டு விழும். லேபிள் கிழிந்து எடை தெரியாத பெல்டையும் வெட்டிப் போட்டுவிடுங்கள். வெட்டாமல் குப்பையில் போட்டால் மறுநாள் யாராவது எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

மாம்பழக் கூழ் ஃபேக்டரி நடத்தும் நண்பர் ஒருவர் இதைப் பற்றிக் கேட்டார். அவர் நிலைமை தனி. சீசன் இரண்டு மூன்று மாதம், மீதி நாள் டிரம் தூக்கும் ஹாய்ஸ்ட் சும்மா தொங்குகிறது. வருஷம் முழுக்க அட்டையில் கட்டம் போட்டால் காலிக் கட்டம் பார்த்துப் பழகிவிடும், சீசனிலும் காலியாகவே இருக்கும். அவருக்குச் சொன்னது: ஓடாத மாதத்தில் "ஓடவில்லை" என்று எழுதிச் சுவிட்சைப் பூட்டி சாவியை ஆபீஸில் வையுங்கள், முதல் லோடு வருமுன் முழுச் செக்கிங் செய்து தேதி போட்டுத் திறங்கள். கூழ் நிரம்பிய டிரம் ஒன்று 200 கிலோவுக்கு மேல், துருப்பிடித்த செயினில் அதைத் தொங்கவிட முடியாது.

கடைசியில் முதலாளியிடம் வைத்த முடிவு இது. கேன்ட்ரிக்கும் இரண்டு ஈஓடிக்கும் கார்பன் நோட்டு, தகரப் பெட்டியில், ஸ்லிங் நம்பர் கேள்வியோடு. செயின் பிளாக்குக்குப் படம் போட்ட மாத அட்டை. ஃபோர்க்லிஃப்டுக்கு மட்டும் க்யூஆர், ஏனென்றால் அந்த டிரைவர் தம்பியிடம் நல்ல போன் இருக்கிறது, வண்டி வெளியில் நிற்கிறது, ஹவர் மீட்டர் இருக்கிறது. வாட்ஸ்அப் பழுது போட்டோவுக்கு மட்டும், அதுவும் மூன்று பேர் குரூப்பில்: ஆபரேட்டர், நான், முதலாளி. நோட்டுத் தாள்களைக் குறைந்தது அடுத்த வருடாந்திரச் சோதனை வரை வைத்திருந்து, வருகிறவரிடம் கட்டாகக் கொடுத்துவிட வேண்டும். பன்னிரண்டு மாதப் பழுது கையில் இருந்தால் அவர் பார்வை போகும் இடமே மாறும்.

இதோடு ஒரு நிபந்தனையும் வைத்தேன், அதற்குத்தான் அவர் கொஞ்சம் யோசித்தார். "சரியில்லை" என்று தாள் வந்தால், கிரேனுக்குக் கரண்டைத் துண்டிக்கும் ஐசோலேட்டரை ஆஃப் செய்து பூட்டி, சிவப்பு டேக் மாட்டி, சாவியை நான் எடுத்துக்கொள்வேன். பழுது பார்த்து அதே தாளில் நான் கையெழுத்துப் போட்டபிறகுதான் ஓடும். லாரி நின்றாலும் அப்படித்தான்.

"கன்டெய்னர் அனுப்பியாக வேண்டிய கடைசி நேரத்துல வந்தா?"

"அப்பவும்தான் சார்."

போன வியாழக்கிழமை அது வந்தது. 7:50-க்கு கேன்ட்ரி அண்ணா தாளைத் தானே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அப்பர் லிமிட் வரியில் டிக்குக்குப் பதில் பென்சிலை அழுத்தி ஒரு பெருக்கல் குறி, தாள் லேசாகக் கிழிந்திருந்தது. "ரெண்டு தடவை பார்த்தேன் தம்பி, கட் ஆகல." வாசலில் பிளாக்கோடு இரண்டு லாரி. ஐசோலேட்டரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். லிமிட் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கல் மாவு இறுகிக் கட்டியாக இருந்தது, நெம்புகோல் அசையவே இல்லை. புதுசு ஓசூரிலிருந்து வந்து, மாட்டி முடிக்க மூன்றரை மணி நேரம். அதுவரைக்கும் லாரி டிரைவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தது முதலாளி. பதினொன்றரைக்கு அந்தத் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே, நான் கேட்காமலே, அவரும் ஒரு கையெழுத்துப் போட்டார்.